ஒரு கையால் திறப்பது

ஒரு கையால் திறக்க முடிய வேண்டும், அதுதான் முதல் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், அவரும் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு இரண்டு கையும் இருந்தால் மட்டுமே திறக்கக்கூடிய ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைக்கிறார். கையில் கொடுக்கவில்லை, வைக்கிறார். வெட்டுகிற சாமானைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம், நாள் முழுக்கக் கத்தி விற்கிற மனுஷனுக்கும் அது விட்டுப்போகவில்லை. எடுத்துப் பார்க்கிறேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, பிரித்தால் நடுவில் குறடு, ஒரு பிடிக்குள் கத்தியும் அரமும் பாட்டில் திறக்கிறதும், இன்னொரு பிடிக்குள் கத்தரி, ஸ்க்ரூ டிரைவர், எதற்கென்றே தெரியாத ஓர் ஊசி. "மல்டி டூலுங்க சார். பைக்குல லாங் போறவங்க எல்லாம் இதத்தான் கேட்டு வாங்கறாங்க. பாக்கெட்டுல போட்டுக்கிட்டா போட்ட மாதிரியே தெரியாதுங்க" என்கிறார். எனக்குப் போட்டுக்கொள்ள இல்லை. என் மனைவி தாரணிக்கு. போன மாதம் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிட்டது. உயிர் இருக்கிறது, குரல் போய்விட்டது. வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் வைத்த கெடு இன்றோடு முடிகிறது, இன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். ஆஸ்பத்திரியில் இருந்து நேராக அவளுடைய அக்கா வாசுகி வீட்டுக்குப் போனவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சாயங்காலம் நான் போய்க் கூப்பிட வேண்டும். வருவாளா என்பதுதான் தெரியவில்லை. "அவளா வர்றேன்னா வரட்டும் மாப்ள. நானா அனுப்பவும் மாட்டேன், புடிச்சு வெக்கவும் மாட்டேன்" என்று வாசுகி அக்கா நேற்று வாசலிலேயே சொல்லிவிட்டார். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னாரோ என்னவோ, சொல்லாத மாதிரி சொன்னார்.

சுடிதாரில் பாக்கெட் கிடையாது. இதைப் பற்றி நான் இதுவரை யோசித்ததே இல்லை, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் சாவியை எங்கே வைக்கிறாள், பஸ் சில்லறையை எங்கே வைக்கிறாள் என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கைப்பைக்குள் போட்டால் கழுத்து இறுகும் நேரத்தில் ஜிப்பைத் தேட வேண்டும், ஜிப்பைத் திறந்தால் குடை, டிபன் பாக்ஸ், சிவப்புப் பேனா, அதற்கு அடியில் கத்தி, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சாவிக்கொத்தில் மாட்டலாம், ஆனால் சாவி என்னிடம் இருக்கும், வண்டியில் இருக்கும். இடுப்பில் சொருகலாம், பெண்பிள்ளை இடுப்பில் கத்தியோடு மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போனால் ஹெட்மிஸ்ட்ரஸ் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த வாண்டுகள் வேறு மிஸ்ஸின் பையை மிஸ் பார்க்காதபோது கிண்டுகிறவை. "பிளேடு இல்லாம வெறும் கத்தரி மட்டும் இருக்கறது உண்டுங்களா?" என்று கேட்கிறேன். "கத்தி இல்லாத மல்டி டூலுங்களா?" என்று அவர் சிரிக்கிறார், சக்கரம் இல்லாத வண்டி கேட்டவனைப் பார்ப்பது மாதிரி. சிரித்துவிட்டு, "பாருங்க, நெதானமாப் பாருங்க, சனிக்கெழம, கூட்டமில்ல. பாதிப்பேரு இன்னிக்கு இரும்பு வாங்க மாட்டாங்க" என்கிறார். சுருக்கென்றது. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது, மறந்தே போனேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கிடையாது என்று சொல்லிக்கொண்டே மனசில் ஓர் ஓரமாக எடுத்து வைத்திருக்கிற ஆள் நான். வாசுகி அக்கா அப்படி இல்லை, முழுசாக நம்புகிறவர். சனிக்கெழம போயி இரும்பத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே மாப்ள, அதும் தொண்டையில அடிபட்டவளுக்கு, என்று ஆரம்பித்தால் அங்கேயே கதை முடிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரும்பில் சேர்த்தியா இல்லையா? சனிக்கிழமை டம்ளர் வாங்குகிறோம், கரண்டி வாங்குகிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டம்ளர் வெட்டாது, அதனால் இருக்கும். நாளைக்கு வாங்கலாம் என்றால் நாளைக்குக் கடை லீவு, அதுவுமில்லாமல் இன்றைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது. வா, ஏறி உட்கார், இனிமேல் பயமில்லை என்று சொல்வதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டாமா. வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள். நானே நம்ப மாட்டேன்.

அடுத்ததை வைக்கிறார். இதில் பிளேடைத் திறக்க நகம் வைக்கிற பள்ளம் ஒன்று இருக்கிறது. தாரணிக்கு நகமே கிடையாது, பிள்ளைகளுக்குப் படக்கூடாது என்று ஒட்ட வெட்டிவிடுவாள். வேண்டாம். இன்னொன்றில் கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு குமிழ். தள்ளிப் பார்க்கிறேன், இறுக்கமாக இருக்கிறது, "புதுசுங்க, பழகப் பழக லூசாயிரும்" என்கிறார். பழகுவதற்கு எத்தனை தடவை கழுத்து இறுக வேண்டுமாம். "துணி வெட்டுமுங்களா?" என்கிறேன். "என்ன துணிங்க?" ஷிஃபான் என்று சொல்ல நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. அரக்கு ஷிஃபான், ஓரத்தில் ஜரிகை மாதிரி மினுமினுப்பு, அவள் பிறந்தநாளுக்கு அவளே எடுத்தது. "மெல்லிசுத் துணி. ஆனா முறுக்கிக்கிட்டா கயிறு மாதிரி ஆயிரும்" என்கிறேன். அவர் கீழே குனிந்து மெஷின் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டை ஒரு கை அள்ளிப் போடுகிறார், மஞ்சளும் ரோஸுமாகக் கிழிசல்கள். ஒன்றை எடுத்து முறுக்கிப் பிடித்து அறுக்கிறேன். பனியன் துணி நழுவுகிறது, இழுபடுகிறது, அறுபடுகிறது. ஷிஃபான் இப்படி இருக்காது. ஷிஃபான் நனைந்தால் வேறு, முறுகினால் வேறு, அதன் மறுமுனை சுற்றுகிற சக்கரத்தில் இருந்தால் வேறு. அதைப் பரீட்சை பண்ணிப் பார்க்க முடியுமா. எங்கள் கம்பெனியில் என்றால் அதற்கு ஒரு டெஸ்ட் பெஞ்ச் போட்டிருப்பேன்.

பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மோட்டாரை ஓடவிட்டு மீட்டர் பார்ப்பது வேலை, ஆனால் நான் மீட்டரை நம்புகிறவன் இல்லை, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் உடம்பில் வைத்து பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். பேரிங் போகப்போகிறதா, ஷாஃப்ட் உரசுகிறதா, உள்ளே எங்கேயாவது ஒரு வாஷர் குறைகிறதா, காது சொல்லிவிடும். ஷெட்டில் பத்து மோட்டார் சேர்ந்து கத்தினாலும் எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் தனியாகக் கேட்கும். உங்க காதுக்கு இன்சூரன்ஸ் எடுக்கோணும் என்று மேனேஜர் கிண்டல் பண்ணுவார், நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். அன்றைக்கும் கேட்டேன். அதுதான். அன்றைக்கும் காது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தாரணியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறேன், ஹெல்மெட்டுக்குள் என் காது, பின்னால் ஒரு சத்தம் மாறுகிறது, சர் சர் என்று ஒன்று, பிறகு கர்க் என்று ஒன்று. செயின் காய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். இல்லை, ஸ்பிராக்கெட் பல் தேய்ந்திருக்கும். இல்லை, பின் பிரேக் ஷூ ஒட்டுகிறதோ. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன், எவ்வளவு ஆசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். வண்டி இழுக்காமல் திணறியபோதுகூட கிளட்ச் என்று நினைத்தேன். அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி போட்டிருந்த இளநீர்க்காரர் அரிவாளோடு என்னைப் பார்த்து ஓடிவந்தார். கையை ஆட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, லுங்கியோடு, அரிவாளோடு. என்னை வெட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், யாரோ என்று ஆள் மாறி வருகிறார் என்று. அதனால்தான் பிரேக் பிடித்தேன். அவர் என்னைத் தாண்டிப் பின்னால் போய் ஒரே வெட்டு. வண்டி சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். அதற்குமேல் நினைக்க வேண்டாம், கடையில் நிற்கிறேன், கத்தியைப் பார்.

கத்தி. அவள் கேட்டதே அதைத்தான். கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம், கண் வெள்ளையிலும் சிவப்பு. குனிந்தேன். குரலாக வரவில்லை, காற்றாக வந்தது. "கத்தி... கத்தி..." அதற்குள் நர்ஸ் வந்து, "பேசாதீங்க, பேசவே கூடாது, ஏனுங்க நீங்க அவங்களப் பேச வெக்காதீங்க" என்று மாஸ்க்கை மூக்கின் மேல் வைத்து அமுக்கிவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. ரோட்டோரத்தில் இளநீர் விற்கிறவரிடம் ஓர் அரிவாள் இருந்தது, நம்மிடம் ஒரு பிளேடுகூட இல்லை. "வாங்கீரலாம் தாரணி. நல்ல கத்தியா ஒண்ணு வாங்கி எப்பவும் கையிலயே வெச்சுக்கலாம், நீ கவலப்படாத" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்று முதல் இதுதான் எனக்கு வேலை. ராத்திரி பகல் என்று இல்லை, போனில் கத்தி கத்தியாகப் பார்த்தேன், வளைந்த பிளேடு, பல் வைத்த பிளேடு, சீட் பெல்ட் அறுக்கிற கொக்கி. நல்லதாகப் பட்டதையெல்லாம் அவளுக்குப் படம் அனுப்பினேன். சிவப்புக் கைப்பிடியா, கறுப்பா என்று கேட்டேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. பேசத்தானே கூடாது, எழுதலாமே. "அவளுக்கு எழுதப் புடிக்கலையாம்" என்றார் வாசுகி அக்கா. தினமும் போய் எதிரில் உட்கார்ந்தேன், கத்தியைப் பற்றித்தான் பேசினேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலி போல என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

"இது பாருங்க சார், இதான் நீங்க கேட்டது" என்று கடைக்காரர் சின்னதாக ஒன்றை வைக்கிறார். மடக்கியபடியே இருக்கும்போதே ஒரு முனையில் கொக்கி வெளியே நிற்கிறது, கொக்கியின் உள்வளைவில் கூர். திறக்கவே வேண்டாம், துணியில் மாட்டி இழுத்தால் போதும். இன்னொரு முனையில் விரல் தட்டினால் பிளேடு, பக்கத்தில் குட்டிக் கத்தரி. இது. இதுதான். முதல்முறையாக மனசு கொஞ்சம் உட்கார்ந்தது. ஆனாலும் பார்க்க வேண்டும் இல்லையா, வாங்கினபிறகு ஐயோ என்றால் ஆகாது. பனியன் வேஸ்ட்டில் நீளமாக ஒன்றை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் முதுகுப் பக்கமாக இடது கையால் பிடித்துக் கீழே இழுத்துக்கொள்கிறேன். கடைக்காரர் "சார், சார்" என்கிறார். பக்கத்தில் ட்ரில் பிட் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டடி தள்ளிப் போகிறார். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், தலை பின்னால் போகிறது, கூரையில் டியூப் லைட் தெரிகிறது. இப்போது வலது கை. அவள் வலது கை எங்கே இருந்தது? ஒரு கையால் பின் கம்பியைப் பிடித்திருப்பாள், விட்டால் ரோட்டில் விழுவாள். இன்னொரு கை கழுத்தில், துணிக்கும் தோலுக்கும் நடுவில் விரலை விட்டு. அப்படியென்றால் கொக்கியைப் பிடிக்க எந்தக் கை? மூன்றாவது கை இல்லையே. இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். கடைக்கு உள்ளே யாரோ கிரைண்டரை ஓட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள், வீல் இரும்பில் பட்டு வீறிடுகிறது. ஒரு நிமிஷம் இருங்க, விழுந்திரப் போறேன், இதக் கொஞ்சம் புடிங்க, என்று கடைக்காரரிடம் சொல்கிறேன். அவர் பார்க்கச் சகிக்காமல் அலமாரிப் பக்கம் திரும்பி நிற்கிறார். மறுபடியும் சொல்கிறேன். தொண்டை அமுங்கிக் கீச்சென்று ஒன்று வருகிறது, கிரைண்டர் அதையும் தின்றுவிடுகிறது. கையெட்டும் தூரத்தில் அவர் முதுகு. சட்டென்று துணியை விட்டுவிட்டேன். இருமுகிறேன். அவர் திரும்பி, "கூப்ட்டீங்களா சார்? காதுலயே விழுகலீங்க. இந்தச் சத்தத்துல நாளெல்லாம் கத்திக் கத்தி என்ற தொண்டையும் போச்சு, காதும் போச்சு" என்கிறார்.

கத்திக் கத்தி. கடைக்காரர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கு அந்த இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. கத்திக் கத்தி. அவள் கத்தி கேட்கவில்லை. கழுத்து நசுங்கிக் கிடக்கிறவள், டாக்டர் வருவதற்கு முன்னால், இருக்கிற கொஞ்சம் காற்றைச் செலவு பண்ணிக் கடையில் விற்கிற சாமான் ஒன்றையா கேட்பாள்? அது முழுச் சொல்லே இல்லை. பாதி வாக்கியம். கத்திக் கத்தி, பிறகு ஏதோ இருந்தது, கத்திக் கத்திப் பார்த்தேன், கத்திக் கத்தி ஓய்ந்து போனேன், கத்திக் கத்தியும் உங்களுக்கு ஏன் கேட்கவில்லை. அந்த மிச்சத்தின் மேல்தான் நர்ஸ் மாஸ்க்கை வைத்து அமுக்கினார். வாக்கியத்தை முடிச்சுப் பேசு என்று வாண்டுகளை அதட்டுகிறவளுடைய வாக்கியத்தின் முன்பாதியை வாங்கிக்கொண்டு நான் கத்தி தேடி அலைந்திருக்கிறேன். வாங்கீரலாம் தாரணி, கவலப்படாத. கண்ணை மூடிக்கொண்டாளே, பின்னே என்ன செய்வாள். சிவப்பா கறுப்பா என்று கேட்டிருக்கிறேன். நான் ஒரு முட்டாள், சாதாரண முட்டாள் இல்லை. அல்லது கத்திதானா? இல்லை, கத்தியாகவும் இருக்கலாம், அரிவாளைப் பார்த்தாள் இல்லையா, அந்த நினைப்பிலேயே கத்தி கத்தி என்று சொல்லியிருக்கலாம். கத்தியாக இருந்துவிடட்டும். கத்தியாக இருந்தால் வாங்கிக் கொடுத்துவிடலாம். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை இந்தக் கோடியில் இருந்து ஒரு சத்தம் போட்டு நிறுத்துகிற குரல் அவளுக்கு. அந்தக் குரல் ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் போய், இளநீர் சீவிக்கொண்டிருந்த ஒருத்தருக்குக் கேட்டிருக்கிறது. அவர் அரிவாளைக் கீழே போடக்கூட நிற்காமல் ஓடிவந்திருக்கிறார். அவளுக்கு முன்னால், அவள் வயிறு முதுகில் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு செயின் கேட்டது, ஸ்பிராக்கெட் கேட்டது, பிரேக் ஷூ கேட்டது. இன்சூரன்ஸ் எடுக்க வேண்டிய காது. எனக்கு அழுகை வருகிறது, கடையில் நின்றுகொண்டு பனியன் வேஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழ முடியாது, ஆனாலும் வருகிறது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், தண்ணி குடிக்கறீங்ளா?" என்கிறார்.

இதைத் தெரியாத மாதிரியே விட்டுவிடலாம். கொக்கி வைத்ததை வாங்கி, பொட்டலம் கட்டி, சாயங்காலம் போய்க் கையில் வைத்தால் வாங்கிக்கொள்வாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், சொல்லாமல் வந்துவிடுவாள்கூட. வந்து சமைப்பாள், பள்ளிக்கூடம் போவாள், கைப்பையில் அது கிடக்கும். ஒவ்வொரு தடவை பைக்குள் கைவிடும்போதும் என் காது செவிடு என்று அவள் விரலுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் நான் இருக்க முடியுமா. கேட்டுவிடலாம். போன் பண்ணலாமா? இன்றைக்குத்தான் பேச ஆரம்பிக்கிறாள், முதல் பேச்சு இதுவாகவா இருக்க வேண்டும். நேரில் போய்க் கேட்கலாம். நேரில் போனால் வாசுகி அக்கா இருப்பார், காபி வரும், தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்பேன், வேறு என்னவெல்லாமோ பேசிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. போனை எடுத்து வைத்தேன். எடுத்தேன். அடித்துவிட்டேன். வாசுகி அக்காதான் எடுத்தார். "சொல்லுங்க மாப்ள." தாரணி பேசறாளாக்கா என்றேன். "காலைல ரெண்டு வார்த்த பேசுனா. கரகரன்னு இருக்குது. பழைய கொரலு வருமோ வராதோன்னு டாக்டரே சொல்லமாட்டீங்கறார்." அவகிட்ட ஒண்ணு கேக்கோணும்க்கா. "என்ன கேக்கோணும்? மறுபடியும் கத்தியா? செவப்பு கறுப்புன்னு அதயே கேட்டு உசுர வாங்காதீங்க மாப்ள, அந்தப் புள்ள உங்க மெசேஜு வந்தாலே போனக் கவுத்து வெச்சுருது." இல்லக்கா, அது இல்ல, ஒரே ஒரு வார்த்த. பிறகு வாசுகி அக்கா போனை எங்கேயோ எடுத்துக்கொண்டு போகிற செருப்புச் சத்தம், கதவு.

"தாரணி" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. கிரைண்டர் மறுபடியும் வீறிட ஆரம்பித்தது. "அத நிறுத்துங்க!" என்று கத்தினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நிறுத்துங்க சொல்றேன், ஒரு நிமிஷம் நிறுத்துங்க!" கடைக்காரர் சின்னப் பையனைப் போல ஓடிப்போய் ப்ளக்கையே பிடுங்கிவிட்டார். வீல் சுற்றிச் சுற்றி இறங்கி நின்றது. போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன். "தாரணி, அன்னிக்கு நீ கத்துனியா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள். அவள் குரல் இல்லை. யாரோ வயசானவர்களின் குரல், உள்ளே எங்கேயோ ஓர் இடத்தில் உரசுகிற குரல்.

"ஆஸ்பத்திரில எங்கிட்ட சொன்னது அதத்தானா?"

"ம்."

மன்னிப்புக் கேட்கலாம், கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. "என்னன்னு கத்துன?" என்றேன். பேசிப் பேசி வலிக்குமோ என்று உடனே, "வேண்டாம், வலிச்சா சொல்லாத" என்றேன். அவள் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. "மொதல்ல ஏனுங்க, ஏனுங்கன்னேன்" என்றாள். "எப்பவும் கூப்புடறதுதான, அதான் உங்களுக்கு ஒறைக்கல போலன்னு..." நின்றாள். மூச்சு வாங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை, அவள் முடிக்கட்டும். "அப்பறம் பேரச் சொல்லிக் கத்துனேன்." யார் பேர என்று கேட்டேன், நிஜமாகவே புரியாமல் கேட்டேன். "தாமோதரா, தாமோதரான்னு. உங்க பேர. வேற யாரு பேர?" என்றாள்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் காட்டுவாள், நான் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன், கேலி பண்ணியிருக்கிறேன், ஒரு தடவை சொல் என்று சினிமா தியேட்டர் இருட்டில் கேட்டிருக்கிறேன், அதெல்லாம் வராதுங்க என்று வெட்கப்பட்டுக்கொண்டே மறுத்தவள். நடுரோட்டில், கழுத்து இறுகுகிறபோது, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் கேட்க, தாமோதரா என்று கத்தியிருக்கிறாள். வெட்டி முடித்த கையோடு அந்த இளநீர்க்காரர், "தாமோதரண்ணா, நின்னுட்டே இருக்காதீங்க, ஆட்டோவப் புடிங்க" என்றுதான் என்னை அதட்டினார். இந்த ஆளுக்கு எப்படி என் பேர் தெரியும் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"இப்பச் சொல்லு தாரணி. ஒரே ஒரு தடவ சொல்லு, எனக்குக் கேக்கும்" என்றேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனி வராதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நான் சாயங்காலம் வரட்டுமா, கூப்பிட வரட்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் கரகரப்பு மூச்சில்கூட இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், நல்லவேளை வேறு எந்தச் சத்தமும் கடையில் இல்லை. "வண்டியில ஏற மாட்டேன்" என்றாள் கடைசியாக. "பஸ்ஸுல வர்றேன். நம்மூட்டு ஸ்டாப்புல வந்து நில்லுங்க." சரி என்றேன். "கூட்டமா இருக்கும். முன்னாடி எறங்குவனோ பின்னாடி எறங்குவனோ தெரியாது, நீங்களே பாத்துக்குங்க. நான் கூப்புட மாட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டாள். "சார், அந்தக் கொக்கி வெச்சதுக்கு பில் போட்டர்லாங்களா?" என்கிறார் கடைக்காரர். வேண்டாங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறேன். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதே போய் நின்றுகொள்கிறேன்.